மறையூர் முனியறையின் மூடுகல்லில் ஒரு குழி வரிசை: இது அலங்கார வேலையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஓவிய ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன்; தமிழ்வழிப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். தொல்லியல் படித்தவன் அல்லன். ஆகவே நான் கேட்பதில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

சென்ற தை மாதம், ஒரு முதுகுப்பையில் வரைபலகை, கரிக்கோல்கள், இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் சென்று எட்டு நாள்கள் தங்கினேன். உடுமலையிலிருந்து சின்னாறு சோதனைச்சாவடியைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மழைமறைவு நிலமாகையால், மூணாறு நனைந்துகொண்டிருக்கும் நாளிலும் சின்னாற்றுப் பக்கம் முள்மரங்கள் காய்ந்தே நிற்கும். அறுபது வயதுக்கு மேல் முதுகுப்பையோடு புறப்பட்ட என்னைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த மலையில் வாழும் முதுவர்கள், மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால்தான் தங்களுக்கு அப்பெயர் வந்தது என்று சொல்லிக்கொள்வதைக் கேட்ட பிறகு, என் சுமை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

நான் வரையச் சென்றது அங்குள்ள முனியறைகளை. பலகைக் கற்களைப் பெட்டிபோல் நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றிய இந்த அறைகள், மண் அதிகம் இல்லாத பாறைவெளியின் மேலேயே நிற்கின்றன. முனிவர்கள் தவம் செய்த அறைகள் என்பது பெயருக்கு ஊரார் சொல்லும் விளக்கம். பாண்டவர்கள் வனவாசத்தில் மறைந்திருந்த ஊர் ஆதலால் மறையூர் என்பது இன்னொரு கதை.

முதல் இரண்டு நாள்கள் நான் வரைந்த படங்கள் அத்தனையும் பெட்டிக்கடைகளைப் போலவே இருந்தன. நான்கு கோடு, மேலே ஒரு தட்டு. கல்லின் கனமும் இல்லை, காலமும் இல்லை. மூன்றாம் நாள் சலித்துப்போய், கற்களை விட்டுவிட்டு, கற்களுக்கு இடையே தெரியும் வானத்தின் துண்டுகளை மட்டும் வரையத் தொடங்கினேன். பொருளை வரையாதே, பொருளைச் சுற்றியுள்ள வெளியை வரை என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது வெறும் பாடப்பயிற்சி என்றே உள்ளூர எண்ணியிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வானத்தின் துண்டுகள் சரியாக அமைந்ததும், பக்கக் கற்கள் நேராக நிற்கவில்லை, ஒன்றையொன்று தாங்குவதுபோல் உட்புறம் சற்றே சாய்ந்திருக்கின்றன என்பது தாளில் தானாகவே தெரிந்தது. மூடுகல்லுக்குக் கீழே, அது ஆடாமல் இருக்க, உள்ளங்கை அளவில் சிறு கற்களைச் செருகியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதே இடத்தில் எடுத்த புகைப்படங்களில் அந்தச் செருகுகற்கள் இருக்கின்றன. நான்தான் அவற்றைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் இன்னொன்றைக் கண்டேன். ஒரு மூடுகல்லின் விளிம்பை ஒட்டி, ஒரே நேர்க்கோட்டில், ஒன்பது குழிகள். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளமும் ஒரு விரல் அகலமும் கொண்ட நீள்சதுரம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இறந்தவரின் தலைமுறைக் கணக்கா, அழகுக்காக வெட்டிய கரையா, விளக்கேற்றும் குழியா என்று பலவாறாக எண்ணினேன். மறுநாள் முழுவதும் அந்த ஒரு விளிம்பை மட்டும் பெரிய அளவில் வரைந்தேன். எட்டு நாள்களில் வரைந்தவற்றுள் அதுவே சிறந்த படம் என்பது என் எண்ணம்.

அந்தக் குழிகள் என்ன என்பதே என் முதன்மையான கேள்வி. அதனோடு, உள்ளே எலும்போ பானையோ எதுவுமில்லாமல் வெறுமையாக நிற்கும் இந்த அறைகளை ஈமச்சின்னங்கள் என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். மழைக்கு முன் திருச்சூர்ப் பக்கம் அரியன்னூர் சென்று குடைக்கற்களை வரைவதாக இருக்கிறேன். அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: மறையூர்க்காரன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்களுக்கு ஏமாற்றம் தரும் மறுமொழியை முதலில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் சொல்லும் அளவுகளை வைத்துப் பார்த்தால் அவை ஆப்புக் குழிகள். என் தந்தையும் பாட்டனாரும் கல்லுடைக்கும் தொழில் செய்தவர்கள். அந்தக் குழியைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒரு பெரிய கல்லைப் பிளக்க வேண்டுமானால், நூல் பிடித்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் சம இடைவெளியில் உளியால் குழிகள் எடுப்பார்கள். குழியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பை நிறுத்தி, ஒரே ஆப்பை ஓங்கி அடிக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வோர் அடியாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போவார்கள். முதல் சுற்றில் கல் கணீரென்று ஒலிக்கும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஓசை மங்கினால், உள்ளே விரிசல் ஓடிவிட்டது என்று பொருள். அதற்குமேல் அடிக்காமல் சற்று நேரம் விட்டுவிட்டால் கல் தானே வாய்திறக்கும் என்பார் என் தந்தை.

எவருக்கும் கெடுதல் நினைத்துச் செய்ததன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கனத்தில், தட்டையாக, தரைக்கு மேலே எடுத்து வைத்ததுபோல் இருக்கும் கல்லை விட வசதியான கல் எங்கே கிடைக்கும்? வேலிக்கால், வாசற்படி, மாட்டுத்தொட்டிக்குக் கீழ்ப்பலகை என்று அவை போய்விட்டன. எங்கள் பழைய வீட்டின் பின்வாசற்படி எங்கிருந்து வந்தது என்று பாட்டனாரை நான் கேட்டதில்லை. இப்போது அந்தப் படியை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வருகிறது.

நீங்கள் திரும்ப வர வேண்டியதில்லை. உங்கள் படத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மூடுகல்லின் மற்ற விளிம்புகளில் ஏதேனும் ஒன்று மட்டும் மிக நேராக இருக்கிறதா? அந்த விளிம்பில் அரைக் குழிகள், அதாவது நடுவில் பிளந்த குழியின் ஒரு பாதி, வரிசையாகத் தெரிகின்றனவா? தெரிந்தால், ஒரு துண்டு ஏற்கெனவே பெயர்த்து எடுக்கப்பட்டது, அடுத்த துண்டுக்குக் குழி எடுத்த நிலையில் வேலை நின்றுவிட்டது என்று கொள்ளலாம். குழிக்குள் பாறைப்பாசி படிந்திருந்ததா, இல்லையா என்பதும் முக்கியம். சுற்றிலும் சாம்பல் நிறப் பாசி படர்ந்து, குழிக்குள் மட்டும் கல் வெளிறியிருந்தால், அது நம் பாட்டன்மார் காலத்து வேலைதான்.

இன்னொரு செய்தி. அடுத்த முறை வந்தால் சந்தனக் காப்புக்காட்டுக்குள் இருக்கும் எழுத்துக் குகையின் ஓவியங்களையும் பாருங்கள். ஆனால் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் நடக்காதீர்கள். சின்னாற்றுச் சாலையிலும் நடைப்பயணம் வேண்டாம். யானைக்கு உங்கள் வரைபலகையின் அருமை தெரியாது.

மறுமொழி 2: சித்தூர் வரலாற்று ஆசிரியை (ஓய்வு)

மறையூர்த் தம்பி எழுதியது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. அவர் சொன்னதோடு ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறேன். பழங்காலத்தவர் பாறையில் ஏற்படுத்திய கிண்ணக் குழிகள் வேறு வகை: வட்டமாக, ஆழம் குறைந்து, உட்புறம் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும், நூல் பிடித்த நேர்க்கோட்டில் அமைவது அரிது. நீள்சதுரம், சம இடைவெளி, நேர்க்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இரும்பு ஆப்பைத்தான் முதலில் ஐயுற வேண்டும். அந்தப் பழங்காலத்தில் இவ்வளவு பெரிய பலகைகளை எப்படி எடுத்தார்கள் என்றால், கருங்கல் பாறை வெயிலாலும் குளிராலும் ஏடு ஏடாகத் தானே பிரியும் இயல்புடையது. அந்த ஏட்டின் மேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஆனால் தம்பியிடம் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். ஏமாற்றம் தரும் மறுமொழி என்று அவர் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. ஈமச்சின்னம் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு எத்தனையோ வரைபடங்கள் இருக்கின்றன. அது எப்படிக் கலைக்கப்பட்டது என்பதை ஒரு விளிம்பு முழுக்க உட்கார்ந்து வரைந்தவர் யாரையும் நான் அறியேன்.

வெறும் அறையை எப்படி ஈமச்சின்னம் என்பது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. தரைக்கு மேல் திறந்து நிற்கும் கற்திட்டைக்குள், அதாவது முனியறை போன்ற கல்லறைக்குள், எதுவும் தங்காது. புதையல் தேடியவர்கள், மழைக்கு ஒதுங்கிய ஆடுமேய்ப்பவர்கள், நரி, மழைநீர் என்று எல்லாரும் உள்ளே போய் வந்திருக்கிறார்கள். எனவே அந்த ஓர் அறையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அதே குடும்பத்தைச் சேர்ந்த, மண்ணுக்குள் மூடிக்கிடந்த கற்பெட்டிகளான கற்பதுக்கைகளையும் தாழிகளையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மண்ணுக்குள் இருந்த பதுக்கைகளில் இடுதுளையோடு (பலகையில் குடைந்த வட்டத் துளையோடு) கூடிய பலகைக் கற்களும், கருப்பு சிவப்புப் பானைகளும், இரும்புப் பொருள்களும், சூதுபவள மணிகளும் கிடைத்தன. திருச்சூர் மாவட்டத்துப் போர்க்களம் என்ற ஊரில் தொல்லியலாளர் பி.கே. தாப்பர் 1948-இல் அகழ்ந்தபோது, செம்புரைக்கல் வட்டத்துக்குள் தாழி புதைத்து அதன் மேல் கருங்கல் மூடியிட்டிருந்ததைக் கண்டார். எலும்பு அங்குமிங்கும் துணுக்காகவே கிடைக்கிறது. கேரளத்தின் புளிப்புத்தன்மை மிகுந்த மண் எலும்பைக் கரைத்துவிடுகிறது. நமக்கு இன்னொரு சான்றும் உண்டு. மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாட்டை ஒட்டிய சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லுமிடத்தில் "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்" என்று ஐந்து முறைகள் வரிசையாக வருகின்றன. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஐந்து வகை.

முனிவர் கதையையும் பாண்டவர் கதையையும் எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். மலபாரின் இத்தகைய ஈமக்குழிகளைப் பற்றி பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் எழுதி 1823-இல் வெளிவந்த கட்டுரையே இந்தியப் பெருங்கற்சின்னங்களைப் பற்றிய முதல் அச்சுக் குறிப்புகளுள் ஒன்று. அதன் தலைப்பிலேயே அவர் ஊரார் வழங்கிய "பாண்டு குழி" என்ற பெயரைத்தான் வைத்தார். பெயர் தவறான வரலாற்றைச் சொன்னாலும், இடத்தைச் சரியாகக் காட்டும். நம் பக்கத்தில் ஒரு பறம்புக்குக் குடைக்கல் என்றோ, மேட்டுக்கு நன்னங்காடி என்றோ பெயர் இருந்தால், உழவன் அங்கே கொழுவை மெதுவாகத்தான் இறக்குவான். நன்னங்காடி என்பது இங்கே முதுமக்கள் தாழிக்கு வழங்கும் பெயர்.

அரியன்னூரைப் பற்றி. நீங்கள் ஓவியர் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை, இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. மறையூரில் கல் ஏடாகப் பிரிகிறது, ஆகவே பெட்டி. அரியன்னூரில் கிடைப்பது செம்புரைக்கல், இங்கே நாம் வெட்டுக்கல் என்பது. மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மென்மையாகவும், காற்றுப்பட்ட பின் இறுகியும் போகும் கல் அது. ஸ்காட்லாந்து மருத்துவர் புக்கானன் மலபாரின் அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைக் கண்டுதான், 1807-இல் வெளிவந்த தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று உலகுக்கே பெயர் கொடுத்தார். அத்தகைய கல் கையில் இருந்தவன் பலகை தேடவில்லை, செதுக்கினான். நான்கு துண்டுகள் சேர்ந்து, அடி அகன்று மேலே ஒடுங்கும் தண்டு. அதன் மேல் கவிழ்த்த குடைபோல் ஓர் அரைக்கோளம். அருகே கண்டாணசேரி, காக்காடு முதலிய இடங்களில் அதே கல்லைக் குடைந்து, ஓரத்தில் திண்ணையும் சிலவற்றில் நடுவே தூணும் விட்ட குகையறைகளும் இருக்கின்றன. ஆகையால் மறையூரில் உங்களுக்குக் கைகொடுத்த கோடு அரியன்னூரில் கைகொடுக்காது என்று நினைக்கிறேன். அங்கே விளிம்பே இல்லை. வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறும் வளைவும், துளைத்துளையான மேற்பரப்பும்தான் இருக்கின்றன. கரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு அடுப்புக்கரியை எடுத்துச் செல்லுங்கள்.

அதற்கு முன், உங்கள் வீட்டிலிருந்து எளிதில் சென்று வரக்கூடிய தொலைவில், மலம்புழை அணையின் நீருக்குள் திட்டுகளாக நிற்கும் மேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கற்சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை 2025-இல் கண்டறிந்து அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். கருங்கல் பலகைகளும் செம்புரைக்கற்களும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவதால், உங்கள் கரிக்கோலுக்கும் அடுப்புக்கரிக்கும் அங்கே ஒருங்கே வேலை உண்டு.

மறுமொழி 3: வேலந்தாவளம் மாணவி

ஆசிரியர் ஐயா, நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊருக்கு அருகே, எல்லைக்கு அந்தப் பக்கம், குமிட்டிபதியில் பதிமலைக் குகை ஓவியங்கள் இருக்கின்றன. வெண்ணிறத்தில் தீட்டிய யானை அங்கே புகழ்பெற்றது. அதைப் பார்க்கச் சென்ற அன்று, எங்களுக்கு முன் வந்த சிலர், நிறம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று குப்பித் தண்ணீரைப் பாறையில் ஊற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி தெளிவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் ஊற்ற ஊற்ற நிறம் உதிரும், உலர்ந்தபின் உப்பு பூத்து வெண்படலம் படியும். எங்கள் அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "உங்க பாட்டி போட்ட கோலத்துலயா தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

வயநாட்டு எடக்கல்லுக்கும் தோழியரோடு முதுகுப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அது குகையே அன்று. இரு பாறைகளின் பிளவுக்கு மேலே ஒரு பெருங்கல் விழுந்து சிக்கியிருக்கிறது, இடைக்கல் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. அங்குள்ளவை தீட்டிய ஓவியங்கள் அல்ல, வெட்டிய கோடுகள். தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்கே உண்டு. வெளிச்சம் நேராக விழும்போது ஒன்றும் தெரியவில்லை; பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தபோதுதான் தலையில் பெரிய அணியோடு நிற்கும் உருவம் சுவரிலிருந்து எழுந்து வந்தது. குழி வரிசையையும் சாய்வெயிலில் வரைந்தீர்களா, உச்சி வெயிலிலா?

அரியன்னூருக்கு வரும்போது நாங்கள் மூவரும் உடன் வரலாமா?

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு படங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

மறையூர்த் தம்பி கேட்டது அப்படியே இருக்கிறது. அந்த மூடுகல்லின் எதிர்ப்பக்க விளிம்பை, மற்ற மூன்று விளிம்புகளும் கோணல்மாணலாக இருக்க, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக வரைந்திருக்கிறேன். அதன் மேல் சிறு சிறு பற்கள்போல் ஏழு பள்ளங்களும் என் கையாலேயே பதிவாகியிருக்கின்றன. வரையும்போது அவற்றைக் கல் உதிர்ந்த இடங்கள் என்று எண்ணியிருந்தேன். எண்ணினேனே தவிர, விடாமல் வரைந்துவிட்டேன். பாசியைப் பற்றிய விடையும் தாளில் உள்ளது. சுற்றிலும் கரிக்கோலைச் சாய்த்துத் தேய்த்து இருட்டியிருக்கிறேன்; ஒன்பது குழிகளின் உட்புறமும் வெறும் தாளின் வெண்மை. அதை ஓர் அழகாக எண்ணி என்னையே மெச்சிக்கொண்டேன் என்று நினைக்க இப்போது சிரிப்பு வருகிறது.

அம்மா, நீங்கள் சொன்ன பின் அந்தப் படத்தைக் கிழிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கீழே "ஆப்புக் குழிகள்: பிற்காலத்தவை" என்று எழுதி, எதிர்விளிம்பின் ஏழு அரைக் குழிகளுக்கும் எண் இட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்க விட்டுவிட்டேன்: ஏழு குழிக்குப் பிளந்த துண்டும் வாசற்படி அளவுதான் இருக்கும் அல்லவா? தம்பி, உங்கள் பின்வாசற்படியின் விளிம்பில் அரைக் குழிகள் இருந்தால் எண்ணிச் சொல்லுங்கள். ஏழாக இராது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் எண்ணுங்கள்.

மகளே, உச்சி வெயிலில்தான் வரைந்தேன். காலையில் வரைந்திருந்தால் குழியின் அடி குறுகுவது தெரிந்திருக்கும்; தலைமுறைக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டேன். அரியன்னூருக்குச் சித்திரை முதல் வாரம் புறப்படுவதாக இருக்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டு மூவரும் வாருங்கள். அடுப்புக்கரி நான் கொண்டுவருகிறேன், கனமான தாள் உங்கள் பொறுப்பு. முதல் ஒரு மணி நேரம் எவரும் வரையக்கூடாது, கைபேசியையும் எடுக்கக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. எனக்கும் சேர்த்துத்தான்.